தில்லியில் குழந்தைகளோடு பணிபுரிவோரும் காவல்துறைச் சரிபார்ப்பும்

குழந்தைகள் தங்கியிருக்கும் இடமானாலும் அவர்கள் நாள்தோறும் வந்துபோகும் இடமானாலும், அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருடைய முன்வரலாற்றையும் காவல்துறை வழியாக விசாரித்து அறிய வேண்டும் என்று இந்தியச் சட்டம் இன்று கட்டளையிடுகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், சுருக்கமாகப் போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது இந்தக் கடமை அதில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அச்சட்டத்தின் கீழ் 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளில் மூன்றாவது விதிதான் பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று பெயர் சுட்டி, ஆசிரியர், ஆசிரியரல்லாதார், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடின்றி, குழந்தைகளோடு தொடர்புக்கு வரும் ஊழியர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் கால இடைவெளிகளில் நடத்தப்பட வேண்டும் என்று வகுத்தது. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை விதி சொல்லவில்லை. ஊழியர் என்ற நிலையில் இல்லாமலே குழந்தைகளிடம் நெருங்கிப் பழகுவோரைப் பற்றியும் அது வாய் திறக்கவில்லை. இவ்விரண்டில் பின்னதுதான் பெரிய குறை. தலைநகரிலும் அதன் விளிம்பிலும் ஒரே மாதத்தில் வெளிவந்த மூன்று நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

2017 செப்டம்பர் 8 அன்று, தில்லியை ஒட்டிய குருகிராமில் ரயான் இன்டர்நேஷனல் பள்ளியின் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்தறுபட்டு இறந்தான். பள்ளிப் பேருந்தின் நடத்துநர் அன்றே கைது செய்யப்பட்டார். மறுநாள் கிழக்குத் தில்லியின் காந்தி நகர்ப் பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்து வயதுச் சிறுமியைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக அப்பள்ளியின் பியூன் கைதானார். அதே மாதத் தொடக்கத்தில், தெற்குத் தில்லியின் ஆர்.கே. புரத்தில் பார்வையற்ற மாணவருக்கான ஒரு நிறுவனத்துக்கு நன்கொடையாளராக வந்துபோய்க்கொண்டிருந்த பிரிட்டன் நாட்டவர் ஒருவர், அங்கிருந்த சிறுவர்களைப் பாலியல் துன்பத்துக்கு ஆளாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைது செய்யப்பட்டிருந்தார்.

பெற்றோரின் அச்சமும் கோபமும் தில்லித் தெருக்களில் வெளிப்பட்ட அந்த நாட்களில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. செப்டம்பர் 12 அன்று தன் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஊழியர் அனைவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பையும், மனநிலையை அளவிடும் உளவியல் மதிப்பீட்டையும் செய்ய வேண்டும் என்றும், ஓட்டுநர், நடத்துநர், பியூன் போன்ற கடைநிலைப் பணியாளர் விஷயத்தில் அதை மிகுந்த கவனத்தோடும் விரிவாகவும் செய்ய வேண்டும் என்றும் அது கூறியது. தில்லி அரசும் பள்ளி ஊழியர்களின் சரிபார்ப்பை வலியுறுத்தியது. இரண்டரை ஆண்டுக்குப் பின் வந்த போக்சோ விதியிலும் ஊழியரை மட்டும் பார்க்கும் இதே பார்வைதான் தொடர்கிறது.

ஆனால் குருகிராம் வழக்கு வேறு திசையில் திரும்பியது. வழக்கை ஏற்ற சி.பி.ஐ., நடத்துநருக்குக் கொலையில் தொடர்பில்லை என்று முடிவுசெய்து, அதே பள்ளியின் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் மீது குற்றம் சாட்டியது. நடத்துநரை நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவித்தது. அவரைப் பொய்யாகச் சிக்கவைத்ததாக ஹரியானாக் காவல் அதிகாரிகள் நால்வர் மீது 2021-இல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்தது. ஆகவே மூன்று நிகழ்வுகளில் ஒன்றில் மட்டுமே குற்றஞ்சாட்டப்பட்டவர் சுற்றறிக்கை குறிவைத்த வகையைச் சேர்ந்தவர். இன்னொன்றில் சட்டப்படி சிறாராகிய மாணவன். மற்றொன்றில் யாருடைய ஊதியப் பட்டியலிலும் இல்லாத கொடையாளர். அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டுமே பொருந்திய கட்டளை மற்ற இரண்டையும் வெளியே விட்டுவிட்டது.

காவல்துறைச் சரிபார்ப்பு என்பது நடைமுறையில் எதைச் செய்கிறது என்பதை அறிந்தால்தான் அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளியும். தில்லியில் வேலைக்கு வருபவர் தாமே விண்ணப்பித்து நன்னடத்தைச் சான்றிதழ் பெறலாம். அல்லது வேலை கொடுப்பவர் அவருடைய படம், தந்தை பெயர், இப்போதைய முகவரி, சொந்த ஊர் முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவற்றைக் காவல்துறையிடம் ஒப்படைத்து விசாரணை கோரலாம். விண்ணப்பதாரரின் பெயர் எந்த வழக்கிலாவது குற்றஞ்சாட்டப்பட்டவராகப் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பதிவேடுகளில் பார்ப்பதும், அவர் சொன்ன முகவரியில் உண்மையாகவே வசிக்கிறாரா என்பதைக் காவலர் ஒருவர் சென்று அறிவதும்தான் இதன் உள்ளடக்கம். சொந்த ஊர் வேறு மாநிலத்தில் இருந்தால் அம்மாவட்டக் காவல்துறையின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தில்லியின் ஆயாக்கள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர், வேன் ஓட்டுநர் ஆகியோரில் பெரும்பகுதியினர் உத்தரப் பிரதேசம், பிகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், இந்தக் காத்திருப்பு விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகவே அமைந்துவிடுகிறது.

நாடெங்கும் உள்ள காவல் நிலையங்களை ஒரே வலையில் இணைக்கும் கணினித் திட்டம் 2009-இல் ஒப்புதல் பெற்றது; அதன் பயனாக, முன்பு கடிதம் நடந்த தூரத்தை இப்போது கணினி நொடியில் கடக்கிறது. ஆயினும் தேடல் பெயரையும் முகவரியையும் கொண்டே நடப்பதால், ஒரே பெயர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வங்காளத்திலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டில் பதிவாகும்போது கண்ணிலிருந்து தப்பிவிட இடமுண்டு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட விரல்ரேகைப் பதிவுகளைக் கொண்ட தேசிய விரல்ரேகை அடையாள அமைப்பு 2022-இல் தொடங்கப்பட்டிருந்தும், பள்ளி ஆயாவையோ வேன் ஓட்டுநரையோ சரிபார்க்கும் அன்றாட வேலையில் அது வழக்கமான கருவியாகவில்லை. இதோடு நிர்வாகச் சிக்கலும் ஒன்று உண்டு. தில்லியில் பள்ளிக்கல்வித் துறை தில்லி அரசின் கையில் இருக்கிறது. காவல்துறையோ ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 5,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ள நகரத்தில் சரிபார்ப்பை ஆணையிடுவது ஓர் அரசு, அதைச் செய்து முடிக்க வேண்டியது மற்றோர் அரசின் துறை.

பாலியல் குற்றவாளிகளைப் பற்றிய தேசியத் தரவுத்தளம் ஒன்று 2018 செப்டம்பர் 20 அன்று தில்லியில் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்கால் தொடங்கிவைக்கப்பட்டது. 4.4 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு தொடங்கிய அதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. காவல் முதலிய சட்ட அமலாக்கத் துறைகள் மட்டுமே அதைப் பார்க்க முடியும். தண்டனை முடித்து வந்தவரின் பெயரைத் தெருவில் ஒட்டாமல் காப்பது நியாயமே. ஆனால் பள்ளியோ காப்பகமோ ஒருவரைப் பற்றிக் கேட்கும்போது, இத்தரவுத்தளத்தையும் பார்த்துவிட்டு, குழந்தைகளோடு பணிபுரியத் தக்கவர் அல்லது தகாதவர் என்ற ஒரே விடையைக் காவல்துறை தருவதற்கு அந்த நியாயம் தடையாகாது.

பதிவேடு எவ்வளவு செம்மையானாலும், புகாராகாத குற்றம் அதில் ஏறாது. ஒரு பள்ளியிலோ விடுதியிலோ குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டவரை, பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் நிர்வாகம் ஓசையின்றி ராஜினாமா எழுதி வாங்கி அனுப்பிவிட்டால், அவர் அடுத்த வேலைக்குச் செல்லும்போது அவருடைய சரிபார்ப்பு மாசின்றியே திரும்பி வரும். போக்சோ சட்டம் இதை அறிந்தே எழுதப்பட்டது: குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று 19-ஆவது பிரிவும், தனக்குக் கீழ்ப்பட்டவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை என்று 21-ஆவது பிரிவும் கூறுகின்றன. சரிபார்ப்பின் உயிர் இந்த இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. ஒரு நிறுவனம் இன்று மறைப்பது, நாளை வேறொரு நிறுவனத்தின் கையில் வெள்ளைச் சான்றிதழாக வந்து சேருகிறது.

தகவல் இப்படிக் கைமாறாமல் போவதன் கொடிய விளைவை உலகம் இங்கிலாந்தின் சோஹம் என்ற சிற்றூரில் கண்டது. 2002 ஆகஸ்டில் அங்கே பத்து வயதுச் சிறுமியர் இருவரைக் கொன்றவர், உள்ளூர்ப் பள்ளியொன்றின் பராமரிப்பாளர். அவர் முன்பு வாழ்ந்த ஹம்பர்சைடு பகுதியின் காவல்துறைக்கு 1995 முதல் 1999 வரை அவர் மீது பல பாலியல் குற்றச்சாட்டுகள் வந்திருந்தும், அவற்றில் எதிலும் தண்டனை இல்லாததால், அவை பணியமர்த்தியவர் கண்ணுக்கு எட்டவில்லை. பள்ளி வேலைக்கு அவர் வேறொரு குடும்பப் பெயரில் விண்ணப்பித்ததும் தேடலைக் கெடுத்தது. இதை ஆராய்ந்த பிச்சர்ட் விசாரணைக் குழுவின் 2004 அறிக்கையை அடுத்து, குழந்தைகளோடு பணிபுரியத் தடை செய்யப்பட்டோரின் பட்டியலுக்கான புதிய சட்டம் 2006-இல் அங்கே இயற்றப்பட்டது. இன்று அந்நாட்டில் குழந்தைகளோடு பணிபுரிவோருக்கான விரிவான சரிபார்ப்பில், தண்டனையில் முடியாத தகவலையும், பொருத்தமானது என்று உள்ளூர்க் காவல் தலைமை கருதினால், வெளியிட முடியும். தன்னார்வலரும் அதற்கு உட்படுத்தப்படுகிறார்.

இந்தியச் சட்டத்தில் இடம் காலியாக இருப்பது அந்தத் தன்னார்வலருக்குத்தான். தில்லியின் காப்பகங்களுக்கும் சேரிப் பகுதிகளின் மாலைநேரப் பாடசாலைகளுக்கும் கல்லூரி மாணவர், நிறுவன ஊழியர், வெளிநாட்டுப் பயணியர் என்று எத்தனையோ பேர் நல்லெண்ணத்தோடு வந்து பாடம் சொல்லித் தருகிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல இடங்களில் விளக்கே எரியாது. நல்லவர் நூறு பேர் வரும் வாசல் வழியாகவே கெட்ட நோக்கமுடையவரும் வர முடியும் என்பதால்தான், வருகிறவர் யார் என்று கேட்பது அவமதிப்பாகாது. தமிழ்நாட்டில், 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படையின் பெயரால் போலி முகாம் நடத்தப்பட்டு, அதில் கலந்துகொண்ட மாணவியர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாக வழக்குப் பதிவானபோது, முகாம் நடத்தியவர்களுக்கு அப்படையோடு தொடர்பே இல்லை என்பது வெளியாயிற்று. அது உண்மையான முகாமா என்று படை அலுவலகத்திடம் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். பள்ளி முதல்வரும் கைதானது அந்தக் கேள்வி கேட்கப்படாததன் கனத்தைக் காட்டுகிறது.

தன்னார்வலருக்கு மேலே நிர்வாகிகளும் கண்காணிப்போரும் இருக்கிறார்கள். பிகாரின் முசாஃபர்பூர் விடுதியில் சிறுமியர் அனுபவித்த கொடுமையை, டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிக்கொணர்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் வழக்கு தில்லிக்கு மாற்றப்பட்டு, 2020 ஜனவரியில் சாகேத் நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. விடுதியை நடத்திவந்த பிரஜேஷ் தாக்கூருக்கு வாழ்நாள் முழுவதும் சிறை. தண்டனை பெற்றோரில் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் இருந்தனர் என்பதுதான் நெஞ்சைப் பதறவைக்கும் செய்தி. அத்தகைய விடுதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதே அவர்களுடைய உத்தியோகம். காவலாளியின் முகவரியைத் தேடிக் காவலரை அனுப்பும் முறை, அறங்காவலரையும் செயலாளரையும் ஆய்வுக்கு வரும் அதிகாரியையும் பார்த்துக் கைகட்டி நிற்கிறது.

ஏழைப் பணியாளர் மீது மட்டும் விழும் ஐயம் வேறு வகையிலும் நீதியற்றது. காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்று உண்டு. வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று காவல்துறை கருதுவோரின் பெயர்களைக் கொண்டு உள்பயன்பாட்டுக்காக அது வைக்கப்படுகிறது. தில்லிக் காவல்துறையின் அத்தகைய பதிவேடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2024 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பின்தங்கிய சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்கள் முன்முடிவுகளால் இவற்றில் ஏறிவிடுவதாக வரும் புகார்களைக் கருத்தில் கொண்டு, எல்லா மாநிலங்களும் தங்கள் நடைமுறையைத் திருத்த எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீங்கியும் அதன் நிழல் நீங்கவில்லை. இந்நிலையில், பதிவேட்டில் ஒரு வரி இருப்பதாலேயே ஒரு தாய் ஆயா வேலையை இழந்தால், அதனால் எந்தக் குழந்தையின் பாதுகாப்பும் கூடிவிடாது.

எந்த வரி பொருட்டாகும், எது பொருட்டாகாது என்பதைப் பிரித்துப் பார்க்கச் சட்டமே சில வழிகளைக் காட்டியிருக்கிறது. சிறுவயதில் ஒருவர் செய்த பிழை பற்றிய வழக்கு முடிந்துவிட்டால், நன்னடத்தைச் சான்றிதழுக்காக அதைக் காவல்துறை வெளியிடலாகாது என்று 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் தன் 74-ஆவது பிரிவில் தடுக்கிறது. சரிபார்ப்புப் படிவத்தில் பழைய வழக்கை மறைத்தவரைப் பற்றி 2016-இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் கூறிய நெறிகள் அரசுப் பணிக்காகச் சொல்லப்பட்டவையாயினும், வழக்கின் தன்மை, அது எப்படி முடிந்தது, பணியின் பொறுப்பு ஆகியவற்றை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற அவற்றின் சாரம் பள்ளிகளுக்கும் பொருந்தும். மது அருந்திய தகராறு வழக்கையும் குழந்தையைத் துன்புறுத்திய வழக்கையும் ஒரே கட்டில் கட்டுவது அறியாமை.

வீட்டிலே குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணின் நிலை தனி. வீட்டு வேலையாட்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று தில்லிக் காவல்துறை அவ்வப்போது தடையாணைகளின் வழியே கட்டாயப்படுத்திவருகிறது. உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தில்லி அரசு 2014-இல் பிறப்பித்த ஆணை, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தனியார் முகவர்கள் பதிவு பெற வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தது ஒரு குழந்தை உரிமை இயக்கம். ஜார்க்கண்டிலிருந்து ஆசைகாட்டி அழைத்துவரப்பட்ட சிறுமியரே பிறர் குழந்தையைத் தூக்கி வளர்க்கும் கொடுமையைத் தடுப்பதே அதன் நோக்கம். வேலைக்கு வந்தவளுடைய வயதையும் ஊரையும் விசாரிக்கும் படிவம், சில வீடுகளில் அவளையே மீட்கும் ஆவணமாகவும் ஆகக்கூடும்.

சரிபார்ப்பு எட்டும் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 12,447 குழந்தைகளிடம் விசாரித்து ஒன்றிய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, துன்புறுத்தியோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர் என்று கண்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளிலும், குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர் செயலாகவே இருக்கின்றன. உறவினருக்கும் அண்டைவீட்டாருக்கும் சான்றிதழ் கேட்க முடியாது. முறை நன்கு வளர்ந்த ஆஸ்திரேலியாவிலும், மெல்பர்னில் 2025-இல் குழந்தைகள் மையப் பணியாளர் ஒருவர் மீது பல குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டபோது, அவரிடம் செல்லுபடியாகும் சரிபார்ப்பு அட்டை இருந்தது. ஆகவே, குழந்தையோடு எந்தப் பெரியவரும் மூடிய அறையில் தனித்திருக்காத ஏற்பாடு, கழிவறைக்கு அழைத்துச் செல்பவர் யார் என்ற வரையறை, குழந்தை அஞ்சாமல் சொல்வதற்கு ஒரு காது ஆகியவை சான்றிதழோடு கூடவே வேண்டும். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை, ஊழியருக்கான தொடர் பயிற்சி இரண்டையும் அதே மூன்றாவது விதி கேட்கிறது. நிறுவனங்கள் பெரும்பாலும் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன.

பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் கட்டணத்தைக் கேட்பது போலவே, ஊழியர் யாவரும் எப்போது சரிபார்க்கப்பட்டனர், வெளியிலிருந்து வரும் பயிற்சியாளரையும் தன்னார்வலரையும் யார் விசாரிக்கிறார்கள், புகார் வந்தால் காவல்துறைக்கு யார் சொல்வார் என்பவற்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். விதியைத் திருத்த வேண்டிய பொறுப்பு அரசுக்கு உரியது: தன்னார்வலர், நன்கொடையாளர், வெளிப் பயிற்சியாளர், நிர்வாகக் குழு உறுப்பினர் என்ற நான்கு சொற்களை மூன்றாவது விதியில் சேர்த்து, சரிபார்ப்பைப் புதுப்பிக்கும் கால அளவை ஆண்டுக் கணக்கில் குறித்து, பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைப் பார்ப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதிகளை இயற்றும் அதிகாரத்தைப் போக்சோ சட்டத்தின் 45-ஆவது பிரிவு ஒன்றிய அரசுக்கு ஏற்கெனவே அளித்திருக்கிறது.